மூன்று பேரிங்

டிப்ஸ்டிக்கை உருவினேன்.
நுனியில் பால் தேத்தண்ணி.
"சீனி மட்டுந்தான் குறை" என்றார் ஒக்கஸ்,
சிரிக்காமல்.

ஹெட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் ஊற்றி
ஒட்டத் துடைத்து வெண்கட்டித் தூள் பூசினோம்.
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் இடையில்
தலைமயிர்க் கோடு ஒன்று
தூளை நனைத்துக்கொண்டு எழுந்து வந்தது.
"வார்ப்பிரும்பு பிள்ளை. ஒட்டினாலும்
உன்னிச்சை ஏத்தத்தில மறுகா வாய் திறக்கும்.
வேற புளொக் தேடுங்க.
டீசல். மூணு பேரிங். மறந்திராதங்க, மூணு."

அது மார்கழி.
கெவிளியாமடுவில் கதிர் பால் பிடிக்கும் நேரம்.
ஆனை வெடியும் காவல்காரரும்
இடுப்பளவு வெள்ளம் தாண்டிப் போக
ஆலை ஏலத்தில் நான் எடுத்த இந்த லாண்ட் றோவரை விட்டால்
தோணிதான்.

கல்லடி தொடங்கிக் கல்முனை மட்டும்
கேட்ட இடமெல்லாம் ஒரே புத்தி:
லொறி எஞ்சின் ஒன்றைத் தூக்கி வை.
மவுண்டை வெட்டு, கியர்பொக்ஸை மாற்று,
சாஃப்டைக் குறுக்கு.
எதைக் கேட்டாலும் "சின்ன வேலை."
சின்ன வேலைகளைக் கூட்டிப் பார்த்தேன்,
இரண்டு ஏக்கர் விளைச்சல்.

ஏறாவூரில் கிடந்தது பெற்றோல் புளொக்.
"ஒரு தாய் பெத்த பிள்ளைகள் தங்கச்சி" என்றார் உதுமாலெப்பை.
"ஓம் நானா, குணந்தான் வேற."
பிளேன்டீ தந்து அனுப்பினார்.

உகணையில், நெல் ஆலைப் பின்புறம்,
உமிக்குள் பாதி புதைந்து இன்னொன்று.
விஜேரத்னவுக்குத் தமிழ் கால், எனக்குச் சிங்களம் அரைக்கால்.
கவிழ்த்து வைத்து இருவரும் விரல் தொட்டு எண்ணினோம்.
எக்கய், தெக்கய், துனய்...
அதோடு நின்றிருக்கலாம்.
ஹத்தரய். பஹய்.
ஐந்தில் என் கிராங் படுக்காது.
அவர் என் பைக்குள் இரண்டு தோடம்பழம் வைத்தார்.
அம்பாறை பஸ்ஸில் வழிநெடுக
கழுத்துக்குள் உமி அரித்தது.

கோமாரிக்குப் போனது கருவாடு வாங்க.
கரையில் தோணிக் கயிறு கட்டியிருந்த பாரத்தில்
வட்டமாய் நாலு ஓட்டை.
கையால் மணலைத் தோண்டினேன்.
தோணிக்காரன் பேரின்பம்
எனக்கு ஏதோ பிடித்துவிட்டதென்று தள்ளி நின்றான்.
அடிப்பக்கம் தடவினேன்: ஒன்று, இரண்டு, மூன்று.
இன்னொரு தரம் தடவினேன்.
மூன்று.

நம்பர் இருக்க வேண்டிய இடம்
அரத்தால் ராவி மழமழவென்று கிடந்தது.
"ஆர் ராவின?"
"நான் எடுக்கக்குள்ளயே அப்பிடித்தான்."
"எங்க எடுத்த?"
அவன் கடலைப் பார்த்தான்.
நம்பர் வைத்திருப்பதே பயமாயிருந்த வருஷங்கள் சில
இந்தக் கரையால் போயிருக்கின்றன.
நான் விலையைக் கேட்டேன்.
"காசில தோணியக் கட்ட ஏலுமா?
இதே பாரத்தில ஒண்டு கொண்டுவாங்க."

பட்டா லொறியில் என் வெடித்த புளொக்
நம்பரோடு தெற்கே போனது.
அவனுடையது வடக்கே வந்தது,
நண்டு ஒன்றும் கூடவே.

மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி வெண்கட்டி.
ஒக்கஸ் சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு
இரவு முழுக்க இருந்தார்.
விடியத் தூள் காய்ந்தே கிடந்தது.
உப்புத் தின்ற நாலு குழிக்கும்
புது லைனர் அடித்தோம்.
தை நாலாம் நாள்
புகை கக்கி, இருமி, மூன்றாம் தள்ளில் பிடித்தது.
கதிரில் கால்வாசியை அதற்குள் ஆனை தின்றிருந்தது.

மோட்டார் போக்குவரத்துக் கந்தோரில்
புத்தகத்தைப் புரட்டிய பிள்ளை கேட்டாள்,
"இந்த நம்பர் எஞ்சின் எங்க?"
"கோமாரியில. ஒரு தோணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."
பேனை அந்தரத்தில் நின்றது.
"அப்ப புதுசிட நம்பர்?"

வெளியே வண்டியை
அணைக்காமல்தான் விட்டுவந்திருந்தேன்.